தொள்ளாயிரம் மீற்றரில் சிதறிய குண்டுகள்

முல்லைத்தீவு

அன்பு மகளுக்கு,

1. காற்று. 2. உன் கை. 3. மன்னிப்பு. இந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இலக்குத் தாளைப் பார்த்தேன். காற்றென்றால் குண்டுகள் பக்கவாட்டில்தான் விலகும். இவை எல்லாப் பக்கமும் சிதறியிருக்கின்றன.

உன் கையிலும் பிழையில்லை. உன் பயிற்சியாளர் சுட்டபோதும் அந்தத் துவக்கு அப்படித்தான் சிதறியது. நான் துவக்கைத் தொட்டதில்லை, என்றாலும் அதன் மேல் பூட்டிய தொலைநோக்கியின் திருகாணிகள் தளர்ந்திருப்பதாகவே படுகிறது. அதைக் கடைசியாகப் பூட்டித் தந்தவன் உங்கள் சுடுதல் கழகத்து வின்சன். "வன்னியில பிறந்தும் துவக்குப் பிடிக்கத் தெரியாதோ, அக்கா?" என்று சிரித்துவிட்டு அணியில் உன் இடத்தை எடுத்தவனும் அவன்தான்.

திருகாணிகளை இறுக்கு. துவக்கை எவரிடமும் கொடாதே.

அவனை மன்னித்துவிடு என்றுதான் மூன்றாவதாக எழுத இருந்தேன். வேண்டாம். அணிக்கான மறுதேர்வில் அவனுக்குப் பக்கத்திலேயே படுத்துச் சுட்டு, அவன் பார்த்திருக்க உன் இடத்தைப் பிடுங்கு. மேலே மூன்றாவதாக எழுதியது பிழை.

உன் அப்பா