ஐந்து ஜன்னல்கள் குறைவு

3.3.96, ஞாயிறு

அசன் மைதீன் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். மச்சான் கொடுத்தனுப்பியதை மாமியிடம் கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துப் போனார். தைலம், சோப்பு, மாமிக்கு ஒரு துப்பட்டி. எனக்கு ஒரு அட்டைப்பெட்டி.

மேலே பறக்கும் விமானத்தின் படம். உள்ளே விமானம் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள், கிளையில் காய் மாதிரி ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு. நாமே பிய்த்து ஒட்ட வேண்டுமாம்.

மச்சான் எழுதியிருந்தார்: ‘கமர், நான் கூட்டித் துடைக்கிற ஏர்பஸ் இதுதான். ஒர்க்‌ஷாப்பில் ஒரு பிலிப்பைன்காரர் தந்தார். எந்த மாதிரி இடத்தில் வேலை என்று கேட்டுக்கொண்டே இருப்பாயே. பார்த்துக்கொள்.’

கல்யாணமாகி ஆறு வருஷம். லீவுகளையெல்லாம் கூட்டினால் சேர்ந்து இருந்தது ஏழு மாதம்.

மாமி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “புள்ள இல்லாத வூட்டுக்கு வெளையாட்டுச் சாமான்தான் கொறச்சல்.”

நான் பீடித் தட்டை மடியில் இழுத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

4.3.96

இன்று முழுக்கப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன்.

10.3.96

விமான உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டாமல் ரப்பர் பேண்டால் சேர்த்தேன். மதியம் மாமி தூங்கியதும் பாயில் படுத்து, அதைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். மூக்கு இன்னும் பொருத்தவில்லை. உள்ளே ஒரு நீளமான வெள்ளைத் தெரு. இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.

பெட்டியில் ஒன்றுக்கு நூற்று நாற்பத்து நான்கு என்று போட்டிருக்கிறது. என் உயரத்தை வகுத்தேன். ஒரு சென்டிமீட்டர், அதற்கு மேல் துளி. ஒரு பீடியில் ஆறில் ஒரு பங்கு. அந்த அளவுக்குச் சுருங்கி உள்ளே நடந்து போனேன். தூரத்தில் ஒருவர் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. கூப்பிடலாமா என்று நினைக்கும்போதே பாய் விற்கிறவள் தெருவில் கத்தி எழுப்பிவிட்டாள்.

17.3.96, ஞாயிறு

பெட்டிக்கு அடியில் ஒரு பத்திரிகைத் தாள் மடித்துக் கிடந்தது. பயணிகள் படித்துவிட்டு எறிவது. அதில் அந்த விமானத்தின் அளவெல்லாம் இருக்கிறது. நீளம் 53.6 மீட்டர். இறக்கை நுனிக்கு நுனி 44.8.

ஸ்கேலை எடுத்தேன். இறக்கை சரி. உடம்பு சரியில்லை. 35.4 சென்டிமீட்டர்தான் வருகிறது. பெருக்கினால் 51 மீட்டரைத் தொடவில்லை. மூன்று முறை அளந்தேன். பதினெட்டு மில்லிமீட்டர் குறைகிறது.

பிறகு ஒரு ஜன்னலுக்கும் அடுத்த ஜன்னலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, பதினெட்டை அதால் வகுத்தேன். ஐந்து. ஏறக்குறைய மிச்சமில்லாமல் ஐந்து! இந்தப் பிளாஸ்டிக் விமானத்தில் ஐந்து ஜன்னல்கள் இல்லை.

விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். பிளஸ் டூ கணக்குத் தாளில் போடுவது மாதிரி. அதற்குப் பிறகு கணக்கு என்று ஒன்றை நான் போட்டதே இல்லையே.

அளவு குறைந்த பீடியைக் கம்பெனியில் கழித்துப் போடுவார்கள். இதைக் கழிக்க மாட்டேன். அவர் நிற்கிற இடம் இது. சரியாக இருக்க வேண்டும்.

மச்சானுக்கு எழுதிவிட்டேன்: எண்ணிச் சொல்லுங்கள். குறைகிற ஐந்தும் இறக்கைக்கு முன்னாலா, பின்னாலா?

11.4.96, வியாழன்

பதில் வந்தது. நாலு பக்கம்! இதுவரை வந்த கடிதமெல்லாம் ‘நலம், நலமறிய ஆவல், உம்மாவைப் பார்த்துக்கொள்’தான்.

முதல் கதவுக்கும் இரண்டாவது கதவுக்கும் நடுவே பதினைந்தாம். என்னிடம் இருப்பதில் பன்னிரண்டு. பின்னால் கடைசி இரண்டு கதவுகளுக்கு நடுவே, இடது பக்கம், இருபத்தொன்றாம். என்னிடம் பத்தொன்பது. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. ஐந்து!

முதன்முதலில் செய்த சில விமானங்கள் குட்டையாம், அதைப் பார்த்து அச்சு எடுத்திருப்பான் என்று பிலிப்பைன்காரர் சொன்னாராம். விரலை நீட்டி எண்ணும்போது சூப்பர்வைசர் வந்து, “என்ன ரசீத், தஸ்பீஹ் மணி உருட்டுதியா?” என்று கேட்டாராம். அவர் மலையாளி. மச்சான் நம் பேச்சிலேயே எழுதியிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில்: ‘ஒரு ஜன்னலில் குழந்தையின் உள்ளங்கை பதிந்திருந்தது. துடைக்க மனம் வரவில்லை. பிறகு துடைத்துவிட்டேன்.’

மாமிக்கு வாசித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிட்டேன்.

2.5.96

உடம்பின் சுற்றளவை நூலால் எடுத்தேன். குறுக்களவு முப்பத்தொன்பது மில்லிமீட்டர் வருகிறது. ஜங்ஷனில் பரமசிவன் அண்ணாச்சியின் பைப் கடைக்குப் போனேன்.

“நாப்பது எம்.எம். பைப்பு இருக்கா அண்ணாச்சி?”

“இருக்கு தாயி. எத்தன அடி?”

“ரெண்டு விரக்கடை.”

“ரெண்டு விரக்கடையில எந்தத் தண்ணி தாயி ஓடும்?”

“தண்ணிக்கு இல்ல. விமானத்துக்கு.”

கடையில் நின்ற கொத்தனார்கள் திரும்பிப் பார்த்தார்கள். துப்பட்டிக்குள் முகம் எரிந்தது. அவர் சிரிக்கவில்லை. வெட்டிப்போட்ட துண்டுகளைக் கிளறி, விளிம்பு நசுங்காத ஒன்றாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். “பைய வெட்டணும், கேட்டியா. சூடாச்சுன்னா கோணிக்கிடும்.”

19.5.96

இன்று அறுத்தேன். இரும்பறுக்கும் பிளேடால், இறக்கைக்கு முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு. முழுசாக இருந்த ஒன்றை மூன்றாக்குவதற்கு எவ்வளவு பயம்! பிஸ்மி சொல்லித்தான் பிளேடை வைத்தேன்.

முன்னால் பதினோரு மில்லிமீட்டர் வளையம், பின்னால் ஏழு. இரண்டு ட்யூப் கலக்கும் பசை. விரிசலுக்கு லாரி பெயின்ட் பட்டறையில் வாங்கிய பட்டி. இனி உப்புத்தாள், உப்புத்தாள், உப்புத்தாள்.

9.6.96

சாரல் காற்று வந்துவிட்டது. மேற்கே மலை தெரியவில்லை. ஊசியைச் சுட்டு முன் வளையத்தில் இடது பக்கம் மூன்று ஜன்னல் துளைத்தேன். ஒவ்வொன்று திறக்கும்போதும் உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் விழுகிறது. அவர் நின்று வேலை செய்கிற இடத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது என்று ஒரு நினைப்பு. பைத்தியக்கார நினைப்புதான். யாரிடமும் சொல்லப் போவதில்லை.

கால்வாய்க்குத் துணி துவைக்கப் போனபோது மேகத்துக்கு மேலே ஒரு விமானச் சத்தம். நனைந்துகொண்டே நின்றேன்.

வலது பக்கம் கேட்டு எழுதியிருக்கிறேன்: ‘பின்னால் இடது பக்கம் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தீர்கள். வலது பக்கமும் அதேதானா?’ அவர் கடிதங்கள் மறுபடி சின்னதாகிவிட்டன. வேலை ஜாஸ்தியாக இருக்கும்.

6.7.96, சனி

பதில். அரைப் பக்கம். ‘இன்று காலைதான் எண்ணிப் பார்த்தேன். நீ எழுதியபடியே இரண்டு பக்கமும் இருபத்திரண்டு.’

மாமிக்கு வாசித்துக் காட்டினேன். “எம் புள்ள எவ்வளவு வேலையிலயும் ஒனக்காவ எண்ணுதான் பாரு” என்றார்.

சாயங்காலம்

ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். இருபத்தொன்று. எழுத்தாலேயே எழுதியிருக்கிறார், கீழே கோடும் போட்டிருக்கிறார். இருபத்திரண்டு என்று தப்பாக எழுதியது நான்.

இடது பக்கமும் இருபத்திரண்டு என்கிறாரே. விமானத்துக்கு ஜன்னல் முளைக்குமா?

அவர் எண்ணவில்லை.

8.7.96

சோம்பலாக இருக்கலாம். எனக்காகச் சும்மா சொல்லியிருக்கலாம். அப்படி என்றால் ‘இன்று காலைதான்’ என்று எதற்கு எழுதணும்? கூட்டித் துடைக்கிற இடம்தானே, எண்ண எத்தனை நிமிஷம் ஆகும்?

அந்த விமானத்துக்குள்ள அவரு இல்ல. எனக்குத் தெரியுது. எங்க இருக்காரு அப்போ? யார்கூட இருக்காரு? யா அல்லாஹ், ஒரு ஜன்னலுக்காவ நான் இப்படி எல்லாம் நெனைக்கேனே –

11.7.96

பொய்யாக ஒரு கேள்வி கேட்டுச் சோதிக்கலாமா என்று நினைத்தேன். எழுதிக் கிழித்தேன். கடைசியில் இதுதான் போயிருக்கிறது: ‘மச்சான், இருபத்தொன்று என்று சொன்னது நீங்கள். இருபத்திரண்டு என் பிழை. என் பிழையை நீங்கள் திருப்பி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விமானத்தில் இல்லை. எங்கே இருக்கிறீர்கள்? எந்த இடமாக இருந்தாலும் சொல்லுங்கள்.’

2.8.96

கடிதம் இல்லை.

18.8.96, ஞாயிறு

இல்லை. ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. விமானம் அலமாரிக்கு மேலே பட்டி பூசிய காயங்களோடு கிடக்கிறது. தொடவில்லை.

மாமி பீடி இலை வெட்டிக்கொண்டே கேட்டார்: “ஏளா, அவனுக்கு என்ன எழுதினே நீ?”

சொல்லிவிட்டேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு, எல்லாம். கத்துவார் என்று நினைத்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு:

“சின்னதுலயும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டு வந்தா, கீழ விழுந்துட்டேம்பான்.”

19.8.96

காலையில் எழுந்தால் மாமி விமானத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார், கையில் உப்புத்தாள்.

“எங்கன தேய்க்கணும், சொல்லு.”

சொன்னேன். மதியம் வரை தேய்த்தார். நாற்பது வருஷம் பீடி சுற்றின விரல். வளையம் எது, பழைய உடம்பு எது என்று தடவிப் பார்த்தால் தெரியவில்லை.

6.9.96, வெள்ளி

கடிதம் வந்தது. உறையில் துபாய் முத்திரை இல்லை; அல் அய்ன் என்று வேறு ஊர்.

ஏப்ரல் கடைசியிலேயே விமானம் துடைக்கிற ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாம். பழைய ஆட்கள் யாரையும் எடுக்கவில்லை. விசாவும் முடிந்துவிட்டது. மே மாதத்திலிருந்து பாலைவனத்துக்குள் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் ஒளிந்து தண்ணீர் பாய்ச்சுகிறார். என் கடிதங்களைப் பழைய அறையிலிருக்கும் ஒருவர்தான் கொண்டுவந்து தருவாராம். மச்சான் எழுதியதையும் அந்த ஆள் கையில்தான் கொடுத்தனுப்பினாராம்.

‘விமானத்தில் வேலை பார்க்கிறவன் என்றுதான் உனக்கு என்னைத் தெரியும். நீ அதை அவ்வளவு ஆசையாகச் செய்துகொண்டிருக்கும்போது நான் அதில் இல்லை என்று எப்படி எழுத?’

காகிதம் இல்லாதவர்கள் தண்டனை இல்லாமல் ஊர் போகலாம் என்று அங்கே பொது மன்னிப்பு அறிவித்திருக்கிறார்களாம். பேப்பரில் நானும் பார்த்தேன். ‘வெறுங்கையோடு எப்படி வர?’ என்று முடித்திருக்கிறார்.

இந்த முறை ஒரு வரியையும் விடாமல் மாமிக்கு வாசித்தேன். அழுது முடித்துவிட்டு, “எழுதுளா” என்றார். “கஞ்சி காச்சி வச்சிருக்கேன், வந்து குடிக்கச் சொல்லு.”

அதைத்தான் எழுதினேன். கீழே என் பெயர்.

13.10.96, ஞாயிறு

வந்துவிட்டார்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில் பஸ் மாறி. கையில் ஒரு துணிப்பை. கறுத்து, மெலிந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். மாமி தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். கஞ்சியை மூன்று கிண்ணம் குடித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

16.10.96

மூன்று நாளாகத் தூக்கம்தான். இன்று மதியம் விழித்து, அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுத்துக் கொடுத்தேன்.

கடைசிக் கதவில் கட்டைவிரலை வைத்தார். “இங்கனதான் நாங்க ஏறுவோம். கதவு கொஞ்சம் மேல ஏறி இருக்கு, கமர். ஒரு நூல் எறங்கணும்.”

ஊசியால் அப்போதே கீறி இறக்கினேன்.

“நீங்க வந்ததும் இதே மாதிரி ஏர்பஸ்ஸா?”

“இதேதான். உள்ள நொழஞ்சதும் சீட்டுக்குக் கீழ குப்ப கெடக்கான்னுதான் பாத்தேன். பழக்கம்.”

“வலப்பக்கம் எண்ணினீங்களா?”

“இல்ல. கண்ண மூடிட்டு வந்தேன்.” கதவை விரலால் தடவிக்கொண்டே, “ஒனக்குப் பொய்யா எழுதினது அது ஒண்ணுதான்னு சொல்ல மாட்டேன். நெறய இருக்கு. ஒவ்வொண்ணாச் சொல்லுதேன்” என்றார்.

“பைய சொல்லுங்க” என்றேன்.

பின் வளையத்தில் வலது பக்க ஜன்னல்களைத் துளைக்காமலே வெள்ளை அடித்துவிட்டேன். தெரியாததை நான் துளைக்க மாட்டேன்.

4.11.96

மச்சானுக்கு ஏரலில் ஒரு வாழைத்தார் மண்டியில் எடை பார்க்கிற வேலை. காலை ஆறு மணி பஸ்ஸில் போனார். சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன்.

6.12.96, வெள்ளி

வழக்கமாக ஏழு மணிக்கு வந்துவிடுவார். இன்று ஏழரை. எங்கே போனீர்கள், சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று நன்றாகச் சண்டை போட்டேன். ஸ்ரீவைகுண்டத்தில் டயர் பஞ்சராம். “அரமணி நேரந்தானளா” என்று மாமி அவருக்குப் பரிந்து வந்தார்.

அரை மணி நேரம்தான். எனக்கு ஆறவில்லை. இன்னும் பேசாமல்தான் இருக்கிறேன்.