இத்தாலி மலையில் நீ இறங்கிய இடம்

மாப்ளே,

இன்று காலை பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினேன். மகள் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கப்போகிறாள், மறுபடியும் இத்தாலிக்குப் போகவேண்டும். பெட்டியைத் திறந்தால் அடியில் உன் ஈரிழைத் துண்டு. போன தடவை கிளம்பிய அவசரத்தில் என் துணிகளோடு சேர்த்துத் திணித்திருக்கிறாய். முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெயும் அந்த ஊர் சோப்பும் கலந்த வாடை இன்னும் இருக்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னங்க, மூச்சு வாங்குதா?" என்று என் வீட்டுக்காரி ஓடிவந்தாள். "ஒண்ணுமில்ல, தூசி" என்றேன்.

துபாயிலிருந்து திரும்பி வருகிறவர்கள் கம்பளியும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். ஏசி மெக்கானிக் வேலையை முடித்துக்கொண்டு வந்த நீ, ஒல்லி டயர் போட்ட சைக்கிள் ஒன்றைப் பிரித்துக் கட்டிக்கொண்டு வந்தாய். "இதுல கேரியர் எங்க, ஸ்டாண்டு எங்க? இத வச்சு ஒரு மூட்டை யூரியா ஏத்த முடியுமா?" என்று கேட்டேன். உரக்கடைக்காரன் வேறென்ன கேட்பான்? "ஓட்டிப் பாத்துட்டுப் பேசுலே" என்றாய். இலஞ்சி வரைக்கும் போய்விட்டு வந்தேன். அடுத்த மாதமே எனக்கும் ஒன்று வாங்கிவிட்டேன். நரைத்த தலையும் இறுக்கமான கால்சட்டையுமாக இரண்டு பேர் குற்றாலம் ரோட்டில் போவதைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

உன் கிறுக்கு ஊருக்கு வந்தபிறகு ஆரம்பித்ததல்ல. துபாயில் டூட்டி முடிந்து அறைக்கு வந்தால், இத்தாலி மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவாயாம். "பாலைவனத்துல கிடந்தவனுக்கு மேட்டைப் பாத்தாலே ஆசையா இருக்குலே" என்பாய். என் மகளுக்கு இத்தாலியில் படிக்க இடம் கிடைத்ததும் என்னைவிட நீதான் குதித்தாய். அவள் இருக்கும் ஊருக்கு மேலே ஒரு மலை இருப்பதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாய். அதன் உச்சி வரைக்கும் ஒருதரம்கூடக் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறவேண்டும். உனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதற்காக இரண்டு வருஷம் என்னைப் படுத்தியெடுத்தாய். விடியற்காலையில் செங்கோட்டை வழியாகப் புளியறை, அங்கிருந்து லாரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கேரள எல்லை வரைக்கும் ஏற்றம். இல்லாவிட்டால் பண்பொழி திருமலைக் கோவிலுக்குப் போகிற மலை ரோடு. நான் சாமி கும்பிட உள்ளே போவேன். "நீ போயிட்டு வா, நான் சைக்கிளைப் பாத்துக்கிடுதேன். எனக்கும் சேத்துக் கேட்டுட்டு வா, முட்டிவலிக்கு" என்று வெளியே நிற்பாய். ஏற்றத்தில் காலை ஊன்றியவன் புளியறையில் பரோட்டா வாங்கித் தரவேண்டும் என்பது நமக்குள் சட்டம். எனக்கு வீம்பு ஜாஸ்தி என்பது உனக்குத் தெரியும். மூச்சு முட்டினாலும், கண் இருட்டினாலும் நான் முதலில் இறங்கமாட்டேன். "செத்தாலும் சீட்டுல இருந்துதாம்லே சாவே நீ" என்று திட்டுவாய்.

இத்தாலியில் அந்த ஒரு வாரம் நம் இரண்டு பேருக்கும் வயதே இல்லை. நம் ஊர்ப் பக்கம் மலை ஓரமாக நிற்கும், ஊர் அடிவாரத்தில் இருக்கும். அங்கே ஊர்களையெல்லாம் குன்றின் தலையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறவேண்டும். "தண்ணிக்கு என்னலே செய்வானுவ?" என்று ஒவ்வொரு மேட்டிலும் கேட்டாய். பாதையின் இரண்டு பக்கமும் திராட்சைக் கொடி, சாம்பல் பச்சையில் ஆலிவ் மரங்கள், தார் முடிந்த இடத்தில் வெள்ளைச் சரளை. பின்னால் வருகிற கார்க்காரர்கள் ஹாரனே அடிக்காமல் பொறுமையாக வந்ததுதான் உனக்குத் தாங்கவில்லை. "ஏலே, சத்தமில்லாம வருதான். எனக்குப் பயமா இருக்கு. ஒருதரம் அடிச்சித் தொலைக்கச் சொல்லேன்!" ரோட்டோரத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசி நாள் அந்த மலை. காலையிலிருந்து ஒரே மிதியாக மிதித்தோம். நீ முன்னால், நான் பின்னால். உச்சிக்குக் கொஞ்ச தூரந்தான், மேலே ஒரு சின்னக் கோபுரம்கூடத் தெரிந்தது. ஒரு வளைவில் பாறையிலிருந்து ரோட்டோரம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நம் ஐந்தருவியில் ஒரு கிளை அளவுகூட இருக்காது. சட்டென்று பிரேக் பிடித்தாய். காலை ஊன்றினாய். சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு, "இறங்குலே! குத்தாலத்துக்காரன் அருவியைப் பாத்துட்டுக் குளிக்காமப் போலாமா?" என்றபடி சட்டையைக் கழற்றினாய். நான் கத்தினேன். நீ பையிலிருந்து துண்டையும் எண்ணெய் பாட்டிலையும் எடுத்தாய். அடப்பாவி, கடல் தாண்டி வந்தும் எண்ணெய் பாட்டில்!

மேலே எங்கேயோ பனி உருகி வருகிற தண்ணீர் அது. தலையைக் கொடுத்ததும் நீ போட்ட அலறலில் பறவைகள் கிளம்பிப் பறந்தன. ஆனாலும் வெளியே வராமல் நின்றாய். நான் கோபத்தில் ஒரு மரநிழலில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ வெளியே வரும்போது உதடு நீலம் பாரித்திருந்தது, பல் தந்தியடித்தது. அந்த வழியாக வேனில் வந்த ஓர் அம்மாள் உன்னைப் பார்த்ததும் பதறிப்போய், நாய்க்கு விரித்திருந்த கம்பளியை எடுத்துப் போர்த்தி, சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு நம்மைக் கீழே கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் நான் உன்னைத் திட்டினேன். இரண்டு வருஷ உழைப்பை ஒரு குளியலுக்குத் தொலைத்துவிட்டாயே என்று ஆறவே இல்லை. "உச்சி எங்கயும் ஓடிப்போவாது. அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்று நடுங்கிக்கொண்டே சிரித்தாய்.

ஊருக்கு வந்தும் நான் விடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி உன்னைக் கிண்டலடித்தேன். நீயும் கூடவே சிரித்தாய். அடுத்த வருஷம் வரவில்லை. ஒரு நாள் காலையில் சைக்கிளை எடுக்க வாசலுக்கு வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குள் ஒரே எண்ணம். நீ விட்ட மிச்சத் தூரத்தை உனக்காக நான் ஏறி முடிக்கவேண்டும். அதற்காகத்தான் தனியாக, பல்லைக் கடித்துக்கொண்டு, இத்தனை நாளாகப் புளியறை ஏற்றத்தை ஏறிக்கொண்டிருக்கிறேன்.

துண்டைக் கொடுத்துவிட்டு இதையும் சொல்லிவரலாம் என்று மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி பாத்திமா துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவப்படாதிய. அவுக குளிக்கணும்னு அங்கன இறங்கல."

"பின்னே?"

"திரும்பிப் பாத்தாகளாம். நீங்க முகமெல்லாம் வெளுத்து, வண்டிய ரோட்டுல அங்கயும் இங்கயும் கோணலா ஓட்டிட்டு வந்தியளாம். கூப்பிட்டதுக்கு உங்ககிட்ட பதிலே இல்லியாம். நிப்போம்னு சொன்னா நீங்க நிக்க மாட்டிய, வீம்புக்கு மேல ஏறுவிய, உயிரை விட்டுருவியன்னு பயந்து போனாகளாம். நல்லவேளைக்கு அந்தத் தண்ணி விழுந்துச்சு. அதச் சாக்கா வச்சு இறங்கிட்டாக."

அந்த ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் நீ என்னைக் கூப்பிட்டதே எனக்கு ஞாபகத்தில் இல்லை. மரநிழலில் உட்கார்ந்தபோது கை நடுங்கியதை, கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்திருந்தேன்.

"அந்தக் குளிருல எதுக்குத் தங்கச்சி அவ்வளவு நேரம் நின்னான்?"

"நீங்க உக்காந்து தண்ணி குடிச்சு, மூஞ்சியில ரத்தம் வார வரைக்கும் நிக்கணுமில்லா. சீக்கிரம் வந்துட்டா நீங்க ஏறிருவியளே." அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொல்லிருந்தாக. சொன்னா நீங்க சைக்கிளையே தொட மாட்டியளாம்."

இப்போது கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே சாரல் விழுகிறது. நீ மட்டும் எதிரே இருந்தால் காலரைப் பிடித்து உலுக்கியிருப்பேன், பிறகு கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். உன் ஆசை முழுவதும் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றது. அதை விட்டு இறங்கிவிட்டு, என் கிண்டலையும் கூட இருந்து ரசித்தாயே, பாவி!

அந்த மலைக்குப் போவேன். ஏறவும் ஏறுவேன். உச்சியைத் தொட்டாலும் சரி, தொடாவிட்டாலும் சரி. ஆனால் மாப்ளே, மூச்சு முட்டினால் இனிமேல் நானே காலை ஊன்றி நின்றுவிடுவேன். எனக்காக முன்னால் இறங்குவதற்கு நீ இல்லையே.