நிற்கும் தூரம்

2061 ஜனவரி 9, காலை 10:40
வெளி வெப்பநிலை மைனஸ் 31. காற்று லேசு.

குளிர்கால ஓட்டச் சோதனை, ஆறாம் நாள். லடாக், உறைந்த ஏரிக்கரை நிலையம், 4,700 மீட்டர் உயரம். பதிபவர்: நறுமுகை, ரப்பர் கலவைப் பொறியாளர். நிலையத்தில் நான் மட்டும்.

இதைப் படிப்பவர் என் மேலாளராக இருக்கலாம், கோடையில் வரும் சாலைத் தொழிலாளியாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் எண்களை மாற்ற வேண்டாம்.

இரண்டு பிக்கப் வண்டிகள். ஒன்றில் கம்பெனி மாட்டி அனுப்பிய எல்லாப் பருவ டயர். இன்னொன்றில் ஒப்பீட்டுக்காகக் குளிர்கால டயர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக். குளிர்கால டயர் 31 மீட்டரில் நின்றது. கம்பெனி டயர் 58.

காலையில் கம்பெனி டயர் உருண்டையாக இல்லை. ராத்திரி நின்ற இடத்தில் தட்டையாகி அப்படியே உறைந்துவிடுகிறது. முதல் கிலோமீட்டர் முழுக்கத் தடக் தடக் என்று குதித்துக்கொண்டே போகிறது.

ஜனவரி 10, மதியம் 2:15
மைனஸ் 38.

வானில் தூள் தூவி வெயிலை மட்டுப்படுத்தத் தொடங்கி பதினொரு வருடம். சமவெளியில் வெயில் தணிந்தது. இங்கே குளிர் இருபது டிகிரி கூடியது. நம் ரப்பர் கலவை அதற்கு முந்தைய உலகத்துக்கானது.

பிரேக் தூரம்: குளிர்கால டயர் 34. கம்பெனி டயர் 79. நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்த்தேன். நகம்தான் வளைந்தது.

டயரின் பக்கவாட்டில் மலையும் பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கிறது. அந்த முத்திரைக்கான சோதனை, வண்டி பனியில் கிளம்புகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. நிற்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நான்கு சக்கர இழுவையும் அப்படித்தான். கிளப்பிவிடும், நிறுத்தாது.

அக்டோபரில் இந்த டயருக்குச் சான்றிதழ் கொடுத்தது நான். "மைனஸ் 30 வரை மட்டும்" என்ற வரி நான் எழுதிய வரைவில் இருந்தது. அச்சில் வந்தபோது இல்லை. பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 11, காலை 11:05
மைனஸ் 44. காற்று கூடுகிறது.

கம்பெனி டயர்: 96 மீட்டர்.

மேலாளர் ஸ்ரீவத்சன் விளம்பரப் படப்பிடிப்புக்காக முந்தாநாள் மாலை ஹெலிகாப்டரில் வந்திருந்தார். காற்றால் ஹெலிகாப்டர் திரும்ப வரவில்லை. இன்று சாலை வழியாகக் கீழே இறங்கினார், குளிர்கால டயர் போட்ட வண்டியில். ஏன் அந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. அவரே, தனக்கு ரெண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்றார்.

டயர்ச் சங்கிலி இரண்டாம் நாளே அறுந்துவிட்டது. மாற்று வரவில்லை.

ஜனவரி 12, காலை 9:20
மைனஸ் 47.

மேல்முகாமிலிருந்து ரேடியோ அழைப்பு. தணிகைமலை. அரக்கோணம் பக்கம், முன்னாள் ராணுவ ஓட்டுநர். வானிலை ஆய்வகத்துக்குச் சாமான் ஏற்றி இறக்குபவர். போன மாதம் அவருக்கும் இதே பிக்கப், இதே டயர் கொடுத்திருக்கிறார்கள்.

"மேடம், ஏரிக்கரை நிலையந்தானே? நீங்க டயர் டெஸ்ட் பண்றவங்கன்னு சொன்னாங்கோ. இன்னிக்கு இறங்கலாமா? பதினாறாந் தேதி பெரிய பொண்ணுக்கு வளைகாப்பு. இப்ப விட்டா பஸ்ஸு, பிளேனு எதுவும் ஒத்து வராது."

காத்திருக்கச் சொல்லிவிட்டு ஸ்ரீவத்சனைச் சாட்டிலைட் போனில் அழைத்தேன்.

"சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதைச் சொல்லு நறுமுகை. ரேடியோவுல நீ வேற ஒண்ணு சொன்னா அது பதிவாகும். நாலாயிரம் வண்டி ரோட்டுல ஓடுது."

தணிகைமலையிடம் சான்றிதழில் இருப்பதைச் சொன்னேன். குளிர்காலத்துக்கு ஏற்றது, மெதுவாகப் போங்கள் என்றேன்.

"மெதுவாத்தான் மேடம். ரொம்ப தேங்க்ஸ்."

11:48

"மேடம். மேடம். மூணாவது வளைவு. பிரேக் அடிச்சேன், நிக்கவே இல்ல. வண்டி விளிம்பத் தாண்டி ஒரு பாறையில சொருகிக்கினு கீது. ஸ்டேரிங் தொடைமேல இறங்கிடுச்சு. கீழ ஒண்ணுமே இல்ல மேடம். வெறும் காத்துதான்."

ஸ்ரீவத்சனுக்குச் சொன்னேன்.

"காத்து அடங்கினா நாளைக்குக் காலைல ஹெலிகாப்டர். முடிஞ்சா பனி மூடுறதுக்குள்ள சறுக்கின நீளத்தை அளந்துடு. நிஜ ரோட்டு டேட்டா நமக்குக் கிடைக்காது."

நாளைக் காலை வரை அந்த வண்டிக்குள் மைனஸ் 47. கிளம்புகிறேன். மேட்டில் ஆறு கிலோமீட்டர். ஏறுவதில் இந்த டயருக்குச் சிக்கல் இல்லை.

13:05
வண்டியில், வழியில். நடை வேகம்.

அவர் பேச்சை நிறுத்தவில்லை. தூங்கிவிடக் கூடாது என்று பேசுகிறார். நல்லது.

"ஒண்ணு கேக்குறேன் மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்த டயரைப் பாஸ் பண்ணது யாரு?"

ஒரு கமிட்டி என்றேன்.

"அவங்கள ஒருநாள் இந்த ரோட்டுல வுடணும்."

13:40
மூன்றாம் வளைவு. வளைவைத் தாண்டி, சறுக்கல் தொடங்கிய இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, தடத்தின் மேலேயே நடந்து இறங்கினேன். கால் தானாக எண்ணியது. 143 மீட்டர். நான் எண்ண நினைக்கவில்லை.

கயிறு கட்டி அவர் கதவு வரை இறங்கினேன். தொடை நசுங்கியிருக்கிறது. ரம்பம் அந்த இரும்பில் ஏறவில்லை. அவர் முகத்தில் பனி. நான்தான் என்று தெரிந்ததும் சிரித்தார். நான் இன்னும் உயரமாக இருப்பேன் என்று நினைத்திருந்தாராம்.

அவர் வண்டி பாறையிலிருந்து நழுவத் தொடங்கியது. மேலே ஓடி, என் வண்டியை விளிம்புக்கு அருகே கொண்டுவந்து திருப்பி நிறுத்தி, முன்பக்க இழுவை வின்ச்சின் கயிற்றை அவர் வண்டியின் பின் கொக்கியில் மாட்டினேன். பிடித்துக்கொண்டது.

14:05
பிடிக்கவில்லை. என் வண்டி நகர்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது, நாலு சக்கரமும் பூட்டியிருக்கின்றன. பூட்டிய சக்கரத்தோடு அப்படியே வழுக்குகிறது.

முன் சக்கரத்திலிருந்து விளிம்புக்கு மூன்று மீட்டர். வீதம்: நிமிடத்துக்கு நாலு சென்டிமீட்டர்.

14:20
ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன். சக்கரங்கள் சுற்றின. சுற்றியதில் அடியிலிருந்த பனி கண்ணாடியாகிவிட்டது. டயருக்கு முன்னால் கல் வைத்தேன். கல்லும் சேர்ந்து வழுக்குகிறது. என் கோட்டைக் கழற்றி டயருக்கு அடியில் கொடுத்தேன். ஆறு நிமிடம் நின்றது. பிறகு கோட்டோடு நகர்ந்தது.

விரல் சரியாக மடங்கவில்லை. எழுத்து இப்படித்தான் வரும்.

14:41
ஸ்ரீவத்சனை மூன்று முறை அழைத்தேன். மூன்றாவதில் கிடைத்தார்.

"கயித்தை அறுத்துடு. உன் வண்டியும் போனா உனக்கு ஒதுங்க இடமில்லை. உன்னையாவது காப்பாத்திக்கோ. நான் சொன்னதா எங்கேயும் எழுதாதே."

எழுதிவிட்டேன்.

14:52
ஒன்றரை மீட்டர். நைலான் கயிறு. கத்தி ஜேபியில். கத்தியை எடுக்கவில்லை.

"என்னா மேடம், சத்தத்தையே காணோம்? எனுக்கு இப்ப கால் வலிக்கல. நல்லாதான் கீது. கையிலதான் குளிரு."

ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள் என்றேன். வளைகாப்புக்கு ஏழு வகை சாதம் செய்வார்களாம். புளிசாதம் அவர் கைப்பக்குவம்தானாம். மற்ற ஆறையும் ஒன்றொன்றாகச் சொன்னார். நடுவில் ஒன்றை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

15:09
வேகம் கூடிவிட்டது. காற்று.

"இன்னும் எவ்ளோ கீது மேடம்? மேல வண்டி நவுருது, எனுக்குத் தெரியுது. கயிறு சொல்லுது."

நாற்பது சென்டிமீட்டர்.

நிறைய இருக்கிறது என்றேன்.

"நின்னுடும்ல?"

நின்றுவிடும் என்றேன்.

15:17
அறுத்தேன்.

என் வண்டி உடனே நின்றுவிட்டது. அசையவே இல்லை.

அவர் ரேடியோவின் பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தார். விரலை எடுக்கவில்லை. எல்லாம் கேட்டது. பதினொரு நொடி.

குறித்துக்கொண்டேன்.