சிவப்பு விழுந்த பிரைமர்

அண்ணா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிக்கொள்.

நீ வாங்கி வந்த பழைய சினிமா ப்ரொஜெக்டருக்குக் கறுப்பு அடிக்கச் சொன்னாய். அடிக்கவில்லை. முதலில் பஞ்சில் தின்னர் தொட்டு ஓர் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தேன். பல வருஷம் காய்ந்த பெயின்ட் தின்னருக்கு லேசில் அசையாது. மேலே இருந்த நீலமோ பஞ்சோடு வந்துவிட்டது. அடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

உனக்கு விற்றவன்தான் உன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று நினைத்தேன். ஆனால் நீலத்துக்குக் கீழே அடிப்பூச்சாகப் பிரைமர் இருந்தது, சாம்பலில் லேசான சிவப்போடு. நம் பட்டறையின் சாம்பல் பிரைமர் டின்னில் நான் தவறி ரெட் ஆக்சைடைக் கொட்டியபோது, "கெமிஸ்ட்ரி படிச்ச லட்சணமா இது?" என்று சிரித்தாயே, அந்த நிறம். அது வேறெங்கும் கிடைக்காது.

கம்பெனித் தகடு இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்திருக்கிறாய். "எங்கே வாங்கினே?" என்று நேற்று கேட்டதற்கு, "பழைய சாமானுக்கு எதுக்குடி ஆயிரம் கேள்வி?" என்று எரிந்து விழுந்தது இப்போது புரிகிறது. நேரில் கேட்க எனக்கு வாய் வராது.

மாலையில் அதை வாங்க வருகிறவரிடம் பெயின்ட் காயவில்லை என்று சொல்லி அனுப்பு. பொய் உனக்கு நன்றாக வருகிறது. பட்டறைச் சாவி என்னிடம் இருக்கிறது.

அது யாருடையது என்று சொல். திருப்பிக் கொடுக்கப் போகும்போது நானும் கூட வருகிறேன்.

இன்னொன்று: நீ அடித்தது முழுவதையும் துடைத்துவிட்டேன். கீழே பழைய பச்சை அப்படியே இருக்கிறது. அதன் சொந்தக்காரர் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்.