சதுர அடைப்புக்குள் ஒரு விசில்

மார்ச் 4

இன்றைக்கும் ஒரு சண்டை. புதிதாகச் சேர்ந்த பெண், கதவு தட்டும் சத்தத்தை வளைந்த அடைப்புக்குள் போட்டிருந்தாள். "எதுல போட்டா என்னக்கா, பிராக்கெட் பிராக்கெட்தானே" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. செருப்பை எந்தக் காலில் மாட்டினால் என்ன என்று கேட்பாளா?

காது கேட்காதவர்கள் படிப்பதற்காகப் படங்களுக்கு ஆங்கில வரி போடுவது எங்கள் வேலை. வளைந்த அடைப்பு, பேசுகிறவர் தானே குரலைத் தாழ்த்திச் சொல்லும் துணைப்பேச்சு. சதுரம் அப்படியில்லை. "இதை அவர் சொல்லவில்லை, வெளியாள் நாங்கள் சொல்கிறோம்" என்ற நேர்மை அது. சத்தங்கள் எல்லாம் அதனால்தான் சதுரத்துக்குள். சுருள் அடைப்பு கணினிக்குக் கட்டளை எழுத மட்டும், திரையில் வராது. வளைவுக்குள் முழு வாக்கியமே இருந்தால் முற்றுப்புள்ளியும் உள்ளே. ஒரு துண்டு மட்டும் என்றால் புள்ளி வெளியே காவல் நிற்கும். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்திருக்க வேண்டும், தோள்கள் குலுங்கின. (என் பட்டப்பெயர் பிராக்கெட் அக்கா. தெரியாத மாதிரி இருக்கிறேன்.)

இந்த நாட்குறிப்பில் சதுரத்துக்கு வேலையில்லை. இங்கே பேசுவது நான் ஒருத்திதானே.

மார்ச் 7

விசில் கெட்டில் அடுப்பில் வற்றிவிட்டது. பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கருகிய வாசனை வந்த பிறகே திரும்பினேன்.

மார்ச் 11

இன்று ஊமைப் பார்வை. ஒருவர் வரி போட்ட படத்தை இன்னொருவர் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பார்ப்பது. வெறும் வரிகளைப் படித்தே படம் புரிகிறதா என்று சோதிக்கிற நாள். என் படத்தில் ஒரு குறைகூட இல்லையாம். "நீங்க போட்டதப் படிச்சாலே சத்தம் கேக்குதுக்கா" என்றாள் அதே புதுப் பெண். சண்டையை மறந்துவிட்டாள் போல, நல்ல மனசு.

சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். காலைக் கழுவும்போது ஒரு யோசனை குறுக்கே வந்தது. வசனத்துக்குக் கையில் பிரதி கொடுத்துவிடுகிறார்கள். சத்தத்துக்கு? கதவு நிலையைத் தொட்டதும் [கதவு சாத்தும் சத்தம்] என்று போட்டேன். தம்ளர் தரையில் சிதறியதும் [கண்ணாடி உடைகிறது]. (ஆங்கிலத்தில் போட்டதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.) அதையெல்லாம் நான் கேட்டேனா, பார்த்தேனா?

சத்தமில்லாமல் பார்த்துச் சோதிக்கிறவர்களுக்கு, சத்தமில்லாமல் எழுதியவளை எப்படித் தெரியும்?

ச்சே. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 15

மதியம் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் ஒரு நீளமான தெரு. எல்லோரும் வாயைத் திறக்கிறார்கள், வாயிலிருந்து சதுர அடைப்புகள் ஒவ்வொன்றாய் மிதந்து வருகின்றன. உள்ளே ஒன்றுமில்லை. நான் முந்தானையை விரித்து அவற்றைப் பிடிக்கிறேன். பஞ்சு மாதிரி கனமே இல்லை. பயமாகவும் இல்லை, அதுதான் வேடிக்கை.

விழித்தபோது ஜன்னல் திரை மெதுவாக உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நாத்தனார் நிற்கிறாள், வாய் அசைகிறது. பிறகுதான் குரல் வந்து சேர்ந்தது. "எத்தனை தடவை கூப்பிடறது அண்ணி?" அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். அவள் வண்டிக்கு ஹார்னே வேண்டாம் என்று நாங்கள் கேலி செய்வோம்.

மார்ச் 18

இவர் கொஞ்ச நாளாக என் வலப்பக்கமே நடக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இடப்பக்கம் நடந்த மனுஷன். "என்ன புதுப் பழக்கம்?" என்றேன். "அந்தப் பக்கம் வெயில்" என்றார். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவருக்கு வெயில் ஆகாதுதான்.

மார்ச் 22

ஒரு தாயின் படம் முடித்தேன். காணாமல்போன மகனுக்காகக் காத்திருக்கிறாள். கடைசியில் ஜன்னலோரம் அவள் முகம், வெகுநேரம் அது மட்டும். [நீண்ட அமைதி] என்று போட்டேன். போட்டுவிட்டு நானே கொஞ்சநேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை நான் போட்டதிலேயே அழகான அடைப்பு இதுதான்.

ஏப்ரல் 9

எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

எங்கள் பிரிவுத் தலைவி கூப்பிட்டாள். எதைச் சொன்னாலும் "அவ்ளோதான்" என்று முடிப்பதால் அவளுக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். கதவைச் சாத்தச் சொன்னாள். ஒரு அம்மா போன் செய்தார்களாம். அவர்கள் கணவருக்குக் காது கேட்காது, இருவரும் சேர்ந்து அந்தத் தாயின் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் மனைவி தேம்பித் தேம்பி அழ, அவர் வரியைப் படித்துவிட்டு, "அமைதிக்குப் போய் அழறியே" என்று சிரித்தாராம்.

அது அமைதி இல்லையாம். ஜன்னலுக்கு வெளியே விசில். மகன் சின்ன வயதில் அடித்த அதே விசில். பிரதியில் கிடையாது, திரையிலும் ஆள் தெரியாது. அதற்காகத்தான் முழுப் படமுமே.

அவள் ஹெட்போனை என் காதில் மாட்டினாள். "இப்ப கேக்குதா?"

நான் அவள் முகத்தையே பார்த்தேன். "கேக்குது" என்றேன்.

"நான் இன்னும் ஓடவே விடலையே" என்றாள்.

அவ்ளோதான் என்று சொல்லவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். காதைக் காட்டிவிட்டு வரும்வரை சத்தம் எழுத வேண்டாம் என்றாள். சத்தம் எழுதாவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை? பிரதியைப் பார்த்துத் தட்ட யாராலும் முடியுமே.

ஏப்ரல் 10

வீட்டில் சொன்னேன். இவர் அலட்டிக்கொள்ளாமல் "தெரியும்" என்கிறார். தெரியுமாமே! தெரிஞ்சுக்கிட்டே எப்படிய்யா சும்மா இருக்க முடிஞ்சுது? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடற ஆளு, பெண்டாட்டி காது போறதப் பாத்துக்கிட்டா இருப்பீங்க? கத்தினேன். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நான் சொன்னா ஒத்துக்கற ஆளா நீ?" என்றார். "பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா அண்ணி" என்று நாத்தனார் வேறு. அவள் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டுத் தொலைக்கிறது.

எத்தனை சண்டையில் இவரைப் பார்த்து, "செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி" என்றிருப்பேன். இனி அதை யார்மேல் எறிவது?

அழுதேன். என் அழுகையின் சத்தம் பாதிதான் எனக்குக் கேட்டது.

ஏப்ரல் 17

இடது காது பெரும்பாலும் போய்விட்டதாம். வலதுக்குக் கருவி மாட்டிவிட்டார்கள். பேச்சு கேட்கும். மெலிசான, உச்சமான சத்தங்கள், பறவை, விசில் இதெல்லாம் கருவி வைத்தாலும் சந்தேகம்தானாம். டாக்டர் இதை மூன்று தடவை சொன்னார். முதல் தடவையே கேட்டுவிட்டது.

ஏப்ரல் 21

முற்றுப்புள்ளியின் அறைக்கு நானே போனேன். "வேலையை விட்டு எடுக்கறதா இருந்தா எடுங்க. அதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியை நான்தான் திருத்தணும்" என்றேன். படத்தை ஓடவிட்டாள். கருவியோடும் எனக்கு ஒன்றுமில்லை. அதே ஜன்னல், அதே முகம்.

"எப்படி இருக்கு, சொல்லுங்க" என்றேன்.

பாவம், திணறினாள். "விசில்... விசில் மாதிரி."

"எந்த மாதிரி?"

கண்ணை மூடிக்கொண்டாள். "தூரத்துல. அடிக்கத் தெரியாத பையன் அடிக்கிற மாதிரி. நடுவுல காத்து மட்டும் வருது. நிக்குது. இருங்க... திரும்ப ஆரம்பிக்கிறான்."

நான் எழுதினேன்: [தூரத்தில் தட்டுத்தடுமாறி ஒரு விசில். நிற்கிறது. மறுபடி தொடங்குகிறது.] அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "இனிமே அந்தப் புதுப் பொண்ணு கேட்டுச் சொல்லட்டும், நீங்க எழுதுங்க. அவ்ளோதான்" என்றாள்.

ஏப்ரல் 30

புதுப் பெண்ணைக் கேள்வி கேட்டே கொன்றுகொண்டிருக்கிறேன். மழை என்றால் போதுமா? ஓட்டிலா, தகரத்திலா, இலையிலா? "உங்களுக்குக் காது கேட்டப்பவே நல்லா இருந்துச்சுக்கா" என்கிறாள், வாயாடி.

மே 6

அந்த அம்மா மறுபடி போன் செய்தார்களாம். திருத்திய படத்தைப் பார்த்தார்கள். "இந்தத் தடவை ரெண்டு பேரும் ஒரே இடத்துல அழுதோம்னு சொல்லுங்க" என்றார்களாம்.

மே 10

பொழுது சாய்ந்த பிறகு இவரும் நானும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். வெயிலே இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆகாயம் மெல்லக் கருத்துக்கொண்டு வந்தது, கீழே நாத்தனார் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

[பக்கத்து வீட்டுக் கம்பியில் ஒரு குருவி. ஒண்டியாக, விட்டு விட்டுக் கூப்பிடுகிறது.]

இவர் சொன்னார், எழுதிக்கொண்டேன்.