மேலே வடக்கு

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ் பாலத்தின் மேலேயே அடுப்பு. தில்லை நகர் ஆபீஸுக்குப் பத்து நிமிடம் லேட்.

ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு நாங்கள் போட்ட வெயில் கணக்கு திரும்பி வந்துவிட்டது. மேற்கு பார்த்த வார்டு ஜன்னல்கள் வடக்கு பார்ப்பதாகக் கணக்கில் போயிருக்கிறது. சாயங்கால வெயில் கணக்கிலேயே இல்லை. அப்படியே கட்டினால் ஏ.சி. போதாது. நோயாளிகள் வெந்துபோவார்கள்.

மானேஜர், எல்லார் முன்னாலும், கம்ப்யூட்டரில் அந்தக் கட்டட மாடலைச் செய்த ஷமீமிடம்: "திசை கூடத் தெரியாம என்னம்மா மாடல் பண்றீங்க?"

திசையைச் சரிபார்த்து டிக் போட்டவன் நான். வாயைத் திறக்கவில்லை.

மே 7, புதன்

கண்ணாடிக்கு ஸ்க்ரூ. பிரஷர் மாத்திரை. தேங்காய்.

லலிதா கேட்டாள்: "ரிட்டயர் ஆனப்புறம் அப்படி என்னதாங்க வேலை அங்க?" அட்டைப்பெட்டியைக் காட்டிச் சொன்னேன். கட்டடத்தின் கம்ப்யூட்டர் மாடலில் கைப்பிடி, குழாய் எல்லாம் இருக்கும். அவற்றை உதறிவிட்டுச் சுவர், கூரை, ஜன்னல் மட்டும் தாள்தாளாக எடுத்துப் பெட்டி ஒட்டுகிறோம். இடுக்கு கூடாது. பிறகு கம்ப்யூட்டருக்குள்ளேயே பெட்டியைச் சரியான திசையில் வெயிலில் வைத்து, எவ்வளவு சூடாகும் என்று கணக்கு.

"திசைதானே, அது உங்களுக்குச் சுலபம்."

முப்பத்திரண்டு வருடம் பூகோள வகுப்பில் சொன்னது: படத்தின் மேல்பக்கம் வடக்கு. மாடலில் அப்படி இல்லை. வரைய வசதியாகக் கட்டடத்தைத் திருப்பி வைத்திருப்பார்கள். உண்மை வடக்கு தனியாக ஒரு கோணத்தில். ஷமீம் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தாள். நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அப்படியும் மேல்பக்கத்தையே வடக்கு என்று டிக் போட்டிருக்கிறேன்.

மே 8, வியாழன்

ஆஸ்பத்திரி வேலையை ஷமீமிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மத்தியானம் அவள் டப்பாவை நீட்டி, "நெய்ச்சோறு சார். வெஜ்தான், பயப்படாதீங்க."

சாப்பிட்டேன். அதுவும் செய்தேன்.

வகுப்பில் "யார் பண்ணினது?" என்று கேட்டு, யாரும் எழாவிட்டால் எல்லாரையும் நிற்க வைத்திருக்கிறேன். எழாதவன் கால் இப்படித்தான் கனத்திருக்கும்.

மே 9, வெள்ளி

மானேஜரிடம் சொன்னேன். சிரித்தார். "நீங்க பெரியவங்க, விடுங்க சார். அந்தப் பொண்ணு பாத்திருக்கணும்."

"டிக் நான் போட்டது. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

"திங்கக்கிழமை பாக்கலாம் சார்."

வெளியே வந்து நானே சொன்னேன். எட்டுப் பேர்தான். வகுப்பில் வரும் குரல் வரவில்லை.

ஷமீம் ஸ்க்ரீனிலிருந்து திரும்பவில்லை. "தெரியும் சார். டிக்குக்குப் பக்கத்துல உங்க பேர் இருக்கே."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன், செவ்வாக்கிழமை. அப்புறம் நெனைக்கல."