மூன்றாம் குப்பி

ஜூன் 9

இன்றும் செம்பருத்தியில் குறையற்ற மலர் ஒன்றுகூட இல்லை. இதழ் ஓரமெல்லாம் அரம் வைத்து அராவியதுபோல் கடிபட்டிருக்கிறது. பூச்சி தீண்டிய மலரை இறைவனுக்குச் சாத்தலாகாது என்பது ஐந்து வயதில் நான் ஏற்ற நெறி, எழுபத்திரண்டிலும் விட்டதில்லை. வெறுந்தட்டின் முன் துதி பாடி எழுந்தேன்.

செய்வது சாம்பல் நிற மூக்குவண்டு. கிளையை அசைத்தால் செத்ததுபோல் விழுந்து கிடக்கும். நான் திரும்பியதும் எழுந்து நடக்கும்.

மருந்து தெளிக்க வழியில்லை. என் கொல்லாமை நோன்பு ஒரு தடை. தங்கை மற்றொரு தடை. மாடியறையில் அவள் பட்டுப்புழு வளர்க்கிறாள். புழுவுக்கு உணவாகும் மல்பெரிச் செடிகளோ என் செம்பருத்தியை ஒட்டியே நிற்கின்றன.

“அண்ணா, ஒரு சொட்டு மருந்து காத்துல பறந்தாலும் என் பிள்ளைங்க போயிடும். இப்பவே சொல்லிட்டேன்.”

ஜூன் 10

புதிய வளர்ப்புக்காக இலைக்கூடையைக் கழுவி மாடிப்படியில் வைத்தேன். மேலே ஏறவில்லை. மூன்றாண்டுகளாக ஏறியதில்லை.

கணவர் மறைந்தபின் அவள் தனக்கென்று தேடிக்கொண்ட முதல் தொழில் இது. ஆனால் கூடுகளைக் கொதிநீரில் இட்டல்லவா நூல் எடுக்கிறாள்! உள்ளே உறங்கும் உயிர்? அன்றே பட்டாடையை விட்டேன். இலை பறித்துத் தருவதை மட்டும் விடவில்லை. உயிருக்கு உணவிடுதல் அறம். அதற்குப் பிறகு நடப்பது அவள் பொறுப்பு என்று ஒரு வரப்புக் கட்டி வைத்திருக்கிறேன். அவள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“இலை வரைக்கும் அண்ணன், வெந்நீரிலேர்ந்து தங்கச்சி. நல்ல பாகப்பிரிவினைதான்!”

ஆனால் இம்முறை சிரிப்பினடியில் அச்சம் இருக்கிறது. சென்ற இரு வளர்ப்புகளும் கெட்டன: ஒன்று வெப்பத்தால், ஒன்று எறும்பால். மூன்றாவதும் கெட்டால் இனி முட்டை தருவதற்கில்லை என்று முட்டை நிலையத்தார் எழுதிவிட்டார்கள். முட்டைகள் இன்னும் சில நாளில் வரும்.

ஜூன் 14

ஓர் அரிய காட்சி. இலையின் அடியில் ஒரு மூக்குவண்டு. நடிப்பன்று, மெய்யாகவே இறந்தது. கால் மூட்டுகளிலிருந்தும் கழுத்து இடுக்கிலிருந்தும் பஞ்சுபோல் வெண்மை பிதுங்கியிருந்தது. பூச்சியின் உடலுக்குள் முளைத்து, அதை உண்டு, தோலைத் துளைத்து வெளிவரும் பூஞ்சை இது என்பதை எங்கோ படித்த நினைவு.

காகிதத்தில் மடித்துக் கண்ணாடிக்காரரிடம் கொண்டுபோனேன். கண்ணாடிக் கடைக்குள் தம் தந்தையின் பழைய நுண்ணோக்கியைப் பூசைப்பொருள்போல் வைத்திருப்பவர்.

“என்ன ஐயா, செத்த வண்டுக்கு மூக்குக்கண்ணாடி அளவு எடுக்கணுமா? மூக்கு மட்டும் பெருசாத்தான் இருக்கு!”

சிரித்துக்கொண்டே நுண்ணோக்கியை இரவல் தந்தார்.

ஜூன் 17

மூடிய கிண்ணத்தில் ஈரப்பஞ்சின்மேல் வைத்த வண்டு, மூன்று நாளில் முழுதும் வெண்மை போர்த்துவிட்டது. ஊசிமுனையளவு எடுத்து நுண்ணோக்கியில் நோக்கினேன். உருண்டை உருண்டையாக விதைத்தூள். அதைத் தாங்கும் நுண்காம்பு நேராக இல்லை. படிக்கட்டுபோல் இடமும் வலமும் மடிந்து மடிந்து ஏறுகிறது. ஒரு மடிப்புக்கு ஒரு விதை. அச்சகத்தில் நாற்பதாண்டு மெய்ப்புத் திருத்தியவன் நான். எவ்வளவோ நுண்ணெழுத்துக் கண்டிருக்கிறேன், இத்தகைய ஒழுங்கைக் கண்டதில்லை. படைத்தவன் கையெழுத்து.

ஜூன் 18

நூலகத்திலிருந்து இரவல் வாங்கிவந்த தடித்த நூலில் அதே படம். படிக்கட்டுக் காம்பு, உருண்டை விதை, வெண்மை: மூன்றும் ஒத்தன. கீழே இப்பூஞ்சை பற்றும் பூச்சிகளின் பட்டியல். பக்கத்தின் கடைசிச் சொல் ‘மூக்குவண்டுகள்’. கண்டதும் உள்ளம் குளிர்ந்து நூலை மூடினேன்.

இனி நான் நஞ்சு தெளிக்க வேண்டியதில்லை. தங்கையின் புழுக்களுக்கும் ஊறில்லை.

ஆனாலும் — இது கொலையாகாதா? கொல்வது பூஞ்சை. அது தன் இயல்பில் செய்வதைச் செய்கிறது. நான் அதற்கு உணவிடுகிறேன். உணவிடுதல் அறமல்லவா?

இவ்விடை ஏன் இவ்வளவு எளிதாக வந்தது?

ஜூன் 24

வேகவைத்த அரிசியைக் குப்பியில் இட்டு, பஞ்சடைத்து, ஆவியில் அவித்து ஆறவைத்து, தீயில் காட்டிய ஊசியால் விதையைத் தொட்டு வைக்கவேண்டும். முதற்குப்பியில் பச்சை பூத்தது. இரண்டாவது கறுத்து நாறியது.

“சமையலறையில சோறு ஊசிப்போனா அது என் சோம்பேறித்தனம். உங்க அறையில ஊசிப்போனா ஆராய்ச்சி!”

முட்டைகள் பொரித்துவிட்டனவாம். எறும்பினும் சிறியவை என்றாள்.

ஜூலை 3

மூன்றாம் குப்பி வெண்மையாயிற்று. ஒவ்வோர் அரிசியும் தனித்தனியே பனி போர்த்ததுபோல். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இறைவா, மலருக்குக்கூட நான் இப்படிக் காத்ததில்லை.

ஜூலை 7

மேகமூட்டம். மாலை, குப்பியை நீரில் அலசி வடித்துச் செம்பருத்திமேல் தெளித்தேன். பூஞ்சைக்கு ஈரம் இனிது.

மாடியில் புழுக்கள் நான்காம் தோல் உரித்துக் கடைசிப் பருவத்தில் இருக்கின்றன. அவை இலை தின்னும் ஓசை கீழறைவரை கேட்கிறது. “உங்க துதியைவிட என் பிள்ளைங்க சத்தம் ஜாஸ்தி” என்கிறாள். நாளொன்றுக்கு நான்கு கூடை இலை பறிக்கிறேன்.

ஜூலை 11

மூன்று முழுமலர். மூன்றையும் சாத்தினேன். செடியடியில் ஏழு வண்டுகள் உறைந்து கிடந்தன. மகிழ்ந்தேன், மகிழ்ந்ததற்கு நாணினேன்.

ஜூலை 12

புழுக்கள் இலையைத் தொடவில்லையாம்.

ஜூலை 14

மேலிருந்து “அண்ணா” என்று ஒரே குரல். மூன்றாண்டுக்குப் பின் அந்தப் படிகளில் ஏறினேன்.

தட்டுத் தட்டாக. சில நெளிந்தன. பெரும்பாலானவை சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகி, வெண்மை போர்த்துக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். அது குச்சிபோல் ஒடிந்தது.

எனக்கு அந்த வெண்மை தெரியும். நான் வளர்த்த வெண்மை.

இறங்கிவந்து நூலை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். மறுபக்கத்தின் முதற்சொல் ‘பட்டுப்புழு’.

நாப்பது வருஷம் அடுத்தவன் பிழையைத் தேடின கண்ணு. ஒரு பக்கம் திருப்பத் தெரியலையே. வேண்டியதை மட்டும் படிச்சுட்டு மூடிட்டேனே. அந்தக் கையோடவே இலை பறிச்சேனே — நானே கூடையில வச்சேனே —

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

“வேணும்னே செஞ்சீங்களா, அண்ணா?”

“இல்லைம்மா.”

“என் தொழில் உங்களுக்குப் பிடிக்காதே. அதான் கேட்டேன்.”

இல்லை என்றேன். இல்லைதான். ஆயினும் அவள் கேட்கும்படி மூன்றாண்டு நடந்துகொண்டவன் யார்?

ஜூலை 15

மூன்று குப்பிகளையும் பெரிய பாத்திரத்தில் இட்டுக் கொதிக்கவைத்தேன். நீர் குமிழியிட்டபோது அடுப்படியில் அவள் நின்றாள். ‘வெந்நீர்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூலை 16

முட்டை நிலைய ஆய்வாளர் வந்தார். தட்டுகளைப் பார்த்ததும், “சுண்ணக்கட்டு நோய். அறையைச் சுத்தமா வச்சுக்கலைன்னா இப்படித்தான் வரும்” என்று தாளில் குறிக்கத் தொடங்கினார்.

“எழுதாதீர்கள். நோய் அறையில் பிறந்ததன்று; என் மேசையில் பிறந்தது” என்றேன்.

குப்பி, தெளித்தது, இலை, திருப்பாத பக்கம் எல்லாவற்றையும் உரைத்தேன். என் கையால் எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தேன். என் வாழ்நாளில் பிழையின்றி எழுதிய பக்கம் அதுவாகவே இருக்கும்.

“எமனுக்குச் சோறு போட்டு வளத்திருக்கீங்களே, ஐயா” என்றார். பிறகு தங்கையை நோக்கி, “அம்மா, அறையைக் கழுவுங்க. மல்பெரியைத் தரையோட வெட்டிட்டுப் புதுத்துளிர் வரட்டும். அப்புறம் முட்டைக்கு நான் பேசிப் பாக்கறேன். ஆனா இவர் கை இலையில படக்கூடாது.”

தங்கை தரையைப் பார்த்தபடி, “சரிங்க” என்றாள்.

ஜூலை 23

ஏழு நாளாக வெளுப்புத்தூள் கரைத்துத் தட்டுகளைக் கழுவுகிறேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். இறந்தவற்றை எரித்தபோது எண்ணத் தொடங்கி, ஆயிரத்தைக் கடந்ததும் நிறுத்தினேன். வண்டுக்காக ஒரு தருக்கம் வைத்திருந்தேன், இவற்றுக்கு ஒன்றுமில்லை. அவள் கொதிநீரைப் பற்றி என் நெஞ்சில் வைத்திருந்த தீர்ப்பும் சாம்பலோடு போயிற்று. கொல்லாமையை நான் ஒரு மலர்போல் சூடிக்கொண்டிருந்தேன். கடிபட்டதா என்று ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

அவள் பேசுவதில்லை. தண்ணீர் வாளியை மட்டும் அருகில் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஜூலை 30

நுண்ணோக்கியைத் திருப்பிக் கொடுத்தேன். “ஒரு துளி வித்தாவது மிச்சம் வச்சிருக்கீங்களா? பாக்க ஆசையா இருக்கு” என்றார் கண்ணாடிக்காரர். இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்து, கேலி செய்யாமல் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 12

முட்டைகள் வந்தன. என்னிடம் சொன்னவர் ஆய்வாளர்.

செப்டம்பர் 27

முழங்கால் வலியோடு அவளே இறங்கி இலை பறிக்கிறாள். அவள் போகும்வரை நான் தோட்டத்தில் கால் வைப்பதில்லை. சன்னலிலிருந்து பார்க்கிறேன். குனியும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள்.

அக்டோபர் 4

வண்டுகள் திரும்பிவிட்டன. இன்று நான்கு மலர், நான்கிலும் கடி. நெடுநேரம் தயங்கிப் பின் அவற்றையே சாத்தினேன். குறையுள்ள கை குறையுள்ள மலரைத் தந்தது. ஏற்பதும் மறுப்பதும் அவன் உரிமை.

துதி முடித்துக் கதவைத் திறந்தேன். வாயிற்படியில் வெற்று இலைக்கூடை. அதனுள் பிரிக்காத ஒரு சோப்புக்கட்டி. அதற்கடியில் மடித்த வெள்ளைச் சட்டை ஒன்று, துவைத்தது.

மாடியைப் பார்த்தேன். யாரும் இல்லை. தின்னும் ஓசை மட்டும் கேட்டது.

முழங்கை வரை மூன்று முறை கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, கூடையை எடுத்தேன்.